மத்தளம் எங்கே போனது?

ஐந்தாவது தடவையும் நிரோஜாவின் கால் பிந்திவிட்டது.

ஆறு சிறுமிகளும் கரைவலை இழுப்பதுபோலக் குனிந்து, நிமிர்ந்து, வலது காலால் நிலத்தை ஓங்கி மிதிக்க வேண்டும். ஐந்து கால்கள் ஒன்றாக விழுந்தன. முன்னால், நடுவில் நின்ற நிரோஜாவின் கால் மட்டும் கொஞ்சம் பொறுத்து விழுந்தது.

"நிப்பாட்டு!" என்றார் குணலட்சுமி ரீச்சர்.

பின்வரிசையில் நின்ற ஸ்ரெலா ஓடிப்போய்க் கணினியில் பாட்டை நிறுத்தினாள். அது அவளுடைய வீடு. கணினி அவளுடைய அண்ணன் எமில்ராஜ் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்றது. கணினிக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன.

பாடசாலையிலிருந்த பாட்டுப்பெட்டி போன கிழமை பழுதாகிவிட்டது. அதனால் செவ்வாய்க்கிழமை தொடக்கம் கொழும்புத்துறையிலுள்ள ஸ்ரெலா வீட்டு முன்னறையில்தான் நடனப் பழக்கம். கதிரைகள் எல்லாம் முற்றத்தில் நின்றன. இன்று வெள்ளிக்கிழமை. நாளைக்குக் காலையில் போட்டி.

"நிரோஜா, எத்தினை தரம் சொல்லுறது பிள்ளை? மத்தளம் விழேக்கை கால் விழ வேணும்" என்றார் ரீச்சர்.

நிரோஜா ரீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் காது அரைவாசிதான் கேட்கும். இரண்டு காதிலும் சின்னக் கருவி போட்டிருப்பாள். புல்லாங்குழல், மணி, கொலுசு போன்ற மெல்லிய சத்தங்கள் அவளுக்குப் பிடிபடாது. இடி முழக்கம், லொறிச் சத்தம், மத்தளம் இவையெல்லாம் நன்றாகக் கேட்கும். பாடசாலையில் பழகியபோது அவளுடைய கால் ஒருநாளும் பிழைத்ததில்லை. அதனால்தான் ரீச்சர் அவளை நடுவில் விட்டார்.

இந்த நான்கு நாட்களும் எல்லாமே பிழைத்தது.

"ரீச்சர்..." என்று கீர்த்திகா மெதுவாகத் தொடங்கினாள். அவள் நிரோஜாவைப் பார்க்கவில்லை. "நான் நடுவிலை நிக்கட்டோ? எனக்கு நிரோஜாவின்ரை ஆட்டம் முழுக்கத் தெரியும். நாளைக்குப் போட்டியெல்லோ?"

ரீச்சர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலே முக்கால். "ஆறு மணிக்கு முதல் நான் பெயர்ப் பட்டியலை உறுதிப்படுத்த வேணும். அதுக்குப் பிறகு மாத்த ஏலாது" என்றார். அவருடைய முகமும் வாடித்தான் இருந்தது. "நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் உடுப்புகளை எடுத்துக்கொண்டு வாறன். அஞ்சே முக்காலுக்கு இன்னொருக்கா ஆடிக் காட்டுங்கோ. அப்பவும் பிழைச்சா..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்காத வசனத்தை நிரோஜாவும் விளங்கிக்கொண்டாள்.

ரீச்சரின் ஸ்கூட்டர் ஒழுங்கையைத் தாண்டியதும் நிரோஜா தன் புத்தகப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ஸ்ரெலா பின்னால் ஓடினாள். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. அதனால் வாசல் படலையில் போய்க் குறுக்கே நின்றாள்.

"எங்கை போறாய்?"

"வீட்டை. கீர்த்திகா நடுவிலை நிக்கட்டும். நீங்கள் அஞ்சு பேரும் ஆடுங்கோ."

"பொறு. உனக்கு இப்ப என்ன கேக்குது எண்டு சொல்லு. பாட்டுப் போடேக்கை என்ன கேக்குது?"

நிரோஜா திடுக்கிட்டுப் பார்த்தாள். நான்கு நாட்களாக எல்லோரும் "கவனமாக் கேள், கவனமாக் கேள்" என்றுதான் சொன்னார்கள். என்ன கேட்கிறது என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. "மத்தளம் இல்லை. பாட்டிலை மத்தளமே இல்லை! பள்ளிக்கூடத்திலை இருந்தது. உங்கடை வீட்டிலை இல்லை. நான் மனசுக்குள்ளை எண்ணி எண்ணித்தான் ஆடுறன்."

"அது எப்பிடி இல்லாமல் போகும்? அதே பாட்டுத்தானே!" என்று கீர்த்திகா உள்ளேயிருந்து சொன்னாள்.

ஸ்ரெலாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பாட்டு அதே பாட்டு. ஆனால் நிரோஜா கோபக்காரியே தவிர, பொய் சொல்லுகிறவள் அல்ல.

"ரெண்டு நிமிசம் இரு. நான் கேட்டுப் பாக்கிறன்."

உள்ளே வந்து பாட்டைப் போட்டாள். "ஒருத்தரும் கதைக்காதையுங்கோ" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அலைச்சத்தம் வந்தது. புல்லாங்குழல் வந்தது. மத்தளம்?

இருந்தது. ஆனால் எங்கேயோ தூரத்தில், மூன்று வீடு தள்ளி யாரோ தலையணையைத் தட்டுவதுபோல இருந்தது. இதற்கா அவர்கள் காலை மிதித்தார்கள்? இல்லை. ஸ்ரெலா தன் காலை நினைத்துப் பார்த்தாள். அவள் நான்கு நாட்களாகப் புல்லாங்குழலைப் பிடித்துக்கொண்டுதான் ஆடியிருக்கிறாள்.

"நிரோஜா சொல்லுறது சரி" என்றாள் கண்ணைத் திறந்து. "மத்தளத்தைக் காணேல்லை."

"அப்ப சத்தத்தைக் கூட்டிப் பார்" என்றாள் கீர்த்திகா.

ஸ்ரெலா கூட்டினாள். பெட்டிகள் "கிர்ர்ர்" என்று அலறின. பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. புல்லாங்குழல் காதைக் குத்தியதே தவிர மத்தளம் வரவில்லை. அவள் அவசரமாகக் குறைத்தாள்.

மணி ஐந்து.

அண்ணனுக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை முடிய ஆறு மணியாகும்.

ஸ்ரெலா கணினிக்கு முன்னால் போய் நின்றாள். எங்கே தொடங்குவது? கணினி, பாட்டு, வயர், பெட்டி. இதில் எது பிழை?

வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அம்மா என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தாள். அம்மா முதலில் மேலே ஏறித் தொட்டியைப் பார்ப்பார். தொட்டியில் தண்ணீர் இருந்தால் குழாயைப் பார்ப்பார். கடைசியாகத்தான் திருகியைக் கழற்றுவார். சத்தமும் அப்படித்தானே எங்கிருந்தோ புறப்பட்டு எங்கேயோ வந்து சேர வேண்டும்?

"முதலிலை தொட்டி" என்றாள்.

"எந்தத் தொட்டி?" என்று கீர்த்திகா விழித்தாள்.

தொட்டி என்றால் பாட்டு. செவ்வாய்க்கிழமை அவசரத்தில், ரீச்சர் போனில் அனுப்பிய பாட்டைத்தான் ஸ்ரெலா கணினியில் ஏற்றியிருந்தாள். ஒலிப்பதிவு செய்த இடத்தில் கொடுத்த பென்ட்ரைவை ரீச்சர் புதன்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். அது மேசை லாச்சியில் தொடாமலேயே கிடந்தது.

அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். போனில் வந்தது நாலு எம்பி. பென்ட்ரைவில் இருந்தது நாற்பது எம்பி.

"பத்து மடங்கு பெரிசு!" என்று யன்னல் கட்டிலிருந்து குரல் வந்தது. அவளுடைய தம்பி ஜெனிஸ். வயது எட்டு. பழக்கம் தொடங்கினால் அவன் யன்னலில் ஏறி இருந்து நிலக்கடலை கொறிப்பான். "அப்ப சத்தமும் பத்து மடங்கோ அக்கா?"

"இல்லையடா. போனிலை அனுப்பேக்கை பாட்டைச் சுருக்கிப் போடும். சின்னச் சின்னச் சத்தங்களை விட்டிடும். இதுதான் முழுசு."

முழுப் பாட்டையும் போட்டாள். எல்லோரும் வாயைத் திறந்தார்கள். அலை கரைக்கு வந்து திரும்பும்போது மணல் அரிபடும் சத்தம்கூடக் கேட்டது. புல்லாங்குழல் ஊதுகிறவர் மூச்சு எடுப்பது கேட்டது.

"வந்திட்டுதோ?" என்று ஸ்ரெலா திரும்பினாள்.

நிரோஜா தலையை ஆட்டினாள். இல்லை.

மணி ஐந்து பத்து.

ஸ்ரெலா கணினியின் சத்த அமைப்புகளைத் திறந்தாள். ஒரு பட்டியல் வந்தது. அரங்கம், மைதானம், குளியலறை... 'குகை' என்ற இடத்தில் சரி அடையாளம் போட்டிருந்தது.

"குகையோ? ஆர் இதைப் போட்டது?"

யன்னல் பக்கம் கடலை கொறிக்கும் சத்தம் நின்றது.

"ஜெனிஸ்!"

"பூதம் வாற விளையாட்டுக்குப் போட்டனான்" என்றான் அவன். "குகையிலை பூதம் கத்தினா நல்லாயிருக்கும்."

குகையை எடுத்துவிட்டாள். பாட்டிலிருந்த எதிரொலி போய், ஒவ்வொரு சத்தமும் தெளிவாக நின்றது. ஆனால் மத்தளம் மட்டும் இன்னும் மூன்று வீடு தள்ளித்தான் இருந்தது.

நிரோஜா மறுபடியும் பையை எடுத்தாள். "காணும் ஸ்ரெலா. விடு. நேரமும் போச்சு."

"தொட்டியிலை பிழையில்லை" என்று ஸ்ரெலா தனக்குத்தானே சொன்னாள். "அப்ப குழாய்." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "உன்ரை ஹெட்செட்டைத் தா."

"தரமாட்டன். போனமுறை நீதான் அதின்ரை பஞ்சைப் பிய்ச்சனீ."

"தம்பி, கெதியாத் தா. குகைக் கதையை அப்பாட்டைச் சொல்லமாட்டன்."

ஹெட்செட் உடனே வந்தது.

ஸ்ரெலா அதைக் கணினியின் முன்பக்கத்தில் குத்திக் காதில் வைத்தாள்.

திம்! திம் திம் தக, திம்!

நெஞ்சுக்குள் யாரோ மிதித்ததுபோல இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஹெட்செட்டைக் கழற்றினாள். நிரோஜா தன் கருவிகளைக் கழற்றிப் பைக்குள் வைத்ததும், ஹெட்செட்டை அவள் காதில் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

நிரோஜாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அவளுடைய வலது பெருவிரல் தரையில் தட்டத் தொடங்கியது.

"இருக்கு" என்றாள் பெரிய சத்தமாக. ஹெட்செட் போட்டிருந்ததால் தன் சத்தம் அவளுக்குத் தெரியவில்லை. "மத்தளம் இருக்கு!"

"கணினிக்குள்ளை இருக்கு. பெட்டிக்கு வாற வழியிலைதான் எங்கையோ காணாமல் போகுது" என்றாள் ஸ்ரெலா. நிரோஜா ஹெட்செட்டைக் கழற்றிக் கருவிகளைத் திரும்பக் காதில் போட்டுக்கொண்டாள்.

கணினியிலிருந்து பெட்டிக்குப் போவது ஒரேயொரு வயர். மேசைக்கு அடியில் புகுந்து அந்த வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது மேசைக்குப் பின்னால் போயிற்று. மேசை சுவரோடு ஒட்டி நின்றது. அவள் மேசையை இழுத்தாள்.

அங்கேயே அவளுடைய கை நின்றுவிட்டது.

கணினியின் பின்பக்கத்தில் குத்தியிருந்த வயரின் ஊசி வளைந்துபோய், பாதி வெளியே வந்திருந்தது. சுவரில் அது உரசிய கறுப்புக் கோடும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை, ஆடுவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று மேசையை இடுப்பால் முட்டிச் சுவரோடு தள்ளியது யார்?

ஸ்ரெலாதான்.

மேசைக்குப் பின்னால் இருந்ததால் அவளுடைய முகம் ஒருவருக்கும் தெரியவில்லை. "வயர் பழசு, பழுதாப்போச்சு" என்று சொன்னால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். அந்த வசனம் அவளுடைய நாக்கின் நுனிக்கு வந்தும்விட்டது. அதை விழுங்கிக்கொண்டு எழும்பினாள். நிரோஜாவுக்கு முன்னால் போய், அவளுக்கு வாய் தெரியும்படி நின்றாள்.

"நிரோஜா, இது என்னாலை வந்தது. நான் மேசையைத் தள்ளேக்கை ஊசி வளைஞ்சிட்டுது. நாலு நாளா உன்னிலை ஒரு பிழையும் இல்லை. என்னிலைதான் பிழை."

நிரோஜா அவளை உற்றுப் பார்த்தாள். மூக்கு விடைத்தது.

"சண்டையைப் பிறகு பிடிப்பம்" என்றாள் அவள். "இப்ப அதைச் சரிசெய்."

ஸ்ரெலா ஊசியை நிமிர்த்தி உள்ளே தள்ளினாள். "ஊம்ம்ம்" என்று பெட்டி இரைந்தது. பிறகு "திம்!" என்று ஒரு அடி. அறையே அதிர்ந்தது. எல்லோரும் கத்தினார்கள். அடுத்த அடி வரவில்லை. ஊசியை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் மத்தளம் வந்தது. கையை எடுத்தால் போய்விட்டது.

"நான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்று ஜெனிஸ் முன்வந்தான். பிடித்தான். மூன்று அடி வந்தது. அவனுக்கு மூக்கு அரித்தது; சொறியக் கையை எடுத்தான். நாலாவது அடி வரவில்லை.

"உவனை நம்பி ஆடேலாது" என்றாள் கீர்த்திகா. "வேறை வயர் இல்லையோ?"

இரண்டு முனையிலும் அதேமாதிரிச் சின்ன ஊசி உள்ள வயர். அதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே? ஸ்ரெலா கண்ணை இறுக்கி மூடினாள். அப்பா! அப்பா தன் போனை ரேடியோப் பெட்டியோடு கொழுவிப் பாட்டுக் கேட்பாரே!

அப்பா இறங்குதுறையில் கிழிந்த நண்டு வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். ரேடியோவும் அங்கேதான் இருக்கும்.

மணி ஐந்து இருபத்தைந்து.

அவள் சைக்கிளை எடுத்து மிதித்தாள். ஒழுங்கை முடிந்து பெரிய றோட்டு, அதைத் தாண்டி அந்தோனியார் சிற்றாலயம். ஒரு கையால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே திரும்பியபோது சைக்கிள் சறுக்கப் பார்த்தது. கடற்காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. எழும்பி நின்று மிதித்தாள்.

இறங்குதுறையில் ஏழெட்டுப் பேர் வலையை மறந்து, ரேடியோப் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். கிரிக்கெட் வர்ணனை. நடுவில் அவளுடைய அப்பா கிறகோரி.

"அப்பா! அந்த வயரைத் தாங்கோ!"

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"எங்கடை மத்தளம்... நிரோஜா... ஆறு மணிக்கு முதல்..." அவளுக்கு மூச்சு வாங்கியது. எந்த வசனமும் முழுதாக வரவில்லை.

"ஆறு பந்துதான் பிள்ளை கிடக்கு!" என்று ஒரு மாமா கையைக் கூப்பினார். "பதினொரு ஓட்டம்! அஞ்சு நிமிசம் பொறம்மா!"

ஸ்ரெலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கிறகோரி மகளின் முகத்தைப் பார்த்தார். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாய் வழிந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அவள் கையில் வைத்தார்.

"ஐயோ கிறகோரி!" என்று ஏழு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"போனிலையே கேப்பம். எல்லாரும் காதைக் கிட்டக் கொண்டு வாங்கோ" என்றார் அவர்.

திரும்பும் வழியில், சிற்றாலயத்துக்குப் பக்கத்தில், சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. அதை மாட்ட நேரமில்லை. சைக்கிளை ஒரு கையால் உருட்டிக்கொண்டு ஓடினாள். மற்றக் கையில் வயரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே, படலையடியில் ரீச்சரின் ஸ்கூட்டர் நிற்பது தெரிந்தது.

உள்ளே ரீச்சர் கையில் போனுடன் நின்றார். "எங்கை போனனீ ஸ்ரெலா? மணி அஞ்சு ஐம்பது. இவள் கீர்த்திகா மத்தளம், தொட்டி, குழாய் எண்டு ஏதேதோ சொல்லுறாள்."

"ஒரு நிமிசம் ரீச்சர்."

பழைய வயரைப் பிடுங்கினாள். புதியதைக் கணினியில் குத்தினாள். "டிக்" என்று உள்ளே போய் உட்காரும்வரை அழுத்தினாள். மற்ற முனையைப் பெட்டியில் குத்தினாள். பாட்டைப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினாள்.

அலை வந்தது. புல்லாங்குழல் எழுந்தது.

திம்!

யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தரை வழியாக அடி உள்ளங்காலில் ஏறியது. நிரோஜா நிமிர்ந்தாள். அவளுடைய கால் மத்தளத்தின்மேல் அப்படியே போய் விழுந்தது.

மற்ற ஐந்து கால்களும்? அவை முந்திவிட்டன.

நான்கு நாட்களாகப் புல்லாங்குழலோடு ஆடிப் பழகிய கால்கள். குழல் எழுந்த உடனேயே விழுந்துவிட்டன. இரண்டாவது முறையும் முந்தின. மூன்றாவது முறை கீர்த்திகா ஸ்ரெலாவின் காலை மிதித்தாள். நடுவில் நிரோஜா ஒருத்தி மட்டும் பிசகாமல் வலையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டு" என்றார் ரீச்சர். இந்தமுறை மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் பெட்டிக்குக் கிட்டப் போய் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு நிரோஜாவைப் பார்த்தார்.

"பிந்தினது இவளில்லை" என்றார். "நீங்கள் அஞ்சு பேரும்தான் முந்தியிருக்கிறியள். நானும் குழலைக் கேட்டுக்கொண்டு அதைத்தான் சரியெண்டு நினைச்சிருக்கிறன். என்ன நடந்தது?"

ஸ்ரெலா சொன்னாள். மேசையைத் தள்ளியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "நிரோஜா சொன்னதை நாங்கள் முதல் நாளே கேட்டிருக்கலாம் ரீச்சர்."

ரீச்சர் நிரோஜாவுக்கு முன்னால் போய் நின்று, "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றார். ரீச்சர்மார் அப்படிச் சொல்லி நிரோஜா கேள்விப்பட்டதே இல்லை. அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

மணி ஐந்து ஐம்பத்தாறு. ரீச்சர் போனை எடுத்தார்.

"வணக்கம் சேர். பெயர்ப் பட்டியல் சம்பந்தமா... ஓம்... இல்லை சேர், மாற்றம் ஒண்டும் இல்லை. நடுவிலை நிக்கிறது நிரோஜாதான்."

கீர்த்திகா ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு நிரோஜாவின் கையைத் தட்டி, "எனக்கு அந்த இடத்தை நீதான் சொல்லித்தர வேணும். கால் எப்ப விழ வேணும் எண்டு கையாலை காட்டுறியோ?" என்று கேட்டாள்.

"காட்டுறன். ஆனா என்ரை கையைத்தான் பாக்க வேணும். குழல் கேட்டா காதைப் பொத்திக்கொள்" என்றாள் நிரோஜா.

அன்று மாலை இன்னும் ஏழு தடவை ஆடினார்கள். ஆறாவது தடவையில்தான் கீர்த்திகாவின் கால் சரிவந்தது. ஸ்ரெலாவின் கால் ஏழாவது தடவையில்.

அவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எமில்ராஜ் அண்ணன் போனில் அழைத்தார். ஸ்ரெலா முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அட!" என்று அண்ணன் சிரித்தார். "பாட்டு இடப்பக்கம், வலப்பக்கம் எண்டு ரெண்டா வரும். அந்த ஊசி வடிவாத் தொடாட்டி, ரெண்டு பக்கத்திலையும் ஒரே மாதிரி வாற சத்தம் ஒண்டையொண்டு அழிச்சுப் போடும். உங்கடை மத்தளம் நடுவிலை இருந்திருக்கு. அதுதான் போச்சு. ஓரத்திலை இருந்த குழலும் அலையும் தப்பியிட்டுது. சரி, இதை ஆர் கண்டுபிடிச்சது?"

"நிரோஜா" என்றாள் ஸ்ரெலா.

மறுநாள் காலை வட்டுக்கோட்டையில் போட்டி. மண்டபம் நிறையச் சனம். நீல உடுப்புப் போட்ட ஆறு பேரும் திரைக்குப் பின்னால் நின்றார்கள். மேடையின் ஓரத்தில் யாரோ ஒரு அண்ணை கணினியில் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்ரெலா எட்டி எட்டி அதன் வயரைப் பார்த்தாள். இந்தக் கணினி அவளுடையது அல்ல, அந்த வயரும் அவளுடையது அல்ல. இங்கே மத்தளம் வராமல் போனால்?

திரை விலகியது. அலை வந்தது. குழல் எழுந்தது. ஆறு பேரும் மூச்சை அடக்கினார்கள்.

திம்!

ஆறு கால்களும் ஒன்றாக மேடையில் விழுந்தன. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளை திடுக்கிட்டு எழும்பித் தாயின் மடியில் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு ஸ்ரெலா எதையும் நினைக்கவில்லை. நிரோஜா வலையை இழுத்தாள். மற்றவர்கள் அவளோடு சேர்ந்து இழுத்தார்கள்.

இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிரண்டு குழுக்களும் மாகாணப் போட்டிக்குப் போகலாம் என்று அறிவித்தபோது, கீர்த்திகா போட்ட கூச்சலில் ரீச்சரே காதைப் பொத்திக்கொண்டார்.

திரும்பி வரும் வானுக்குள் நிரோஜா ஸ்ரெலாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"சண்டை பிடிப்பம் எண்டு சொன்னனான். ஞாபகம் இருக்கோ?"

"ஓம்" என்றாள் ஸ்ரெலா பயந்து.

"நாளைக்குப் பிடிப்பம். இண்டைக்கு எனக்கு நித்திரை வருது."

கொழும்புத்துறை வரும்வரை வானுக்குள் ஒரே பாட்டும் கைதட்டலுமாக இருந்தது. நிரோஜாவுக்கு அது ஒன்றும் கேட்கவில்லை. அவள் காதுக் கருவிகளைக் கழற்றி ஸ்ரெலாவின் கையில் கொடுத்துவிட்டு, அவளுடைய தோளிலேயே சாய்ந்து நன்றாக நித்திரையாகியிருந்தாள்.